வலைக்குப் பின்னால் நிற்கிறவள்

அந்த ஜன்னல் கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கிவிடலாமா அக்கா? காற்று நேராகப் பாப்பா காதுக்குள் போகிறது. ஆங், போதும். நீங்கள் குலசேகரம் வரைக்கும்தானே? அப்பாடா. முன்னாடியே சொல்லிவிடுகிறேன், நான் பேசிக்கொண்டேதான் வருவேன். பயம் வந்தால் எனக்கு வாய் நிற்காது. பாப்பாவோடு தனியாகப் பஸ் ஏறுவது இதுதான் முதல் தடவை. ஏழு மாசம் ஆகிறது. ஜெனோவா என்று பெயர். நான் டெல்மா.

ஐயோ, இல்லை அக்கா, வீட்டில் சண்டை போட்டுக்கொண்டு வரவில்லை. எல்லோரும் அப்படித்தான் நினைப்பார்கள், கைக்குழந்தையோடு ஒருத்தி ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தனியாகப் போனால். என்னை ஊரே சேர்ந்து பஸ் ஏற்றிவிட்டிருக்கிறது. ஸ்டாப்பில் நீலச் சட்டை போட்டுக்கொண்டு இருபது பேர் கையாட்டினார்களே, பார்த்தீர்களா? எனக்குத்தான் ஆட்டினார்கள். பஸ் கிளம்பின பிறகு ஒருத்தர் பைக்கில் பஸ்ஸை ஒட்டியே வந்தாரே, மீசைக்காரர்? அவர் எங்கள் கிளப் செக்ரட்டரி, தியோனிஸ் அண்ணன். நான் அடுத்த ஸ்டாப்பில் இறங்கித் திரும்பி வந்துவிடுவேனோ என்று அவருக்குச் சந்தேகம்.

சந்தேகம் நியாயம்தான். நான் இறங்கத்தான் பார்த்தேன். பைக் நின்றிருந்தது.

இன்றைக்கு நாலு மணிக்கு எங்கள் அந்தோணித்துறை மைதானத்தில் பனவிளைக்காரர்களோடு ஃபுட்பால் ஃபைனல் அக்கா. திருவிழாக் கோப்பை. கடற்கரையில் பத்து ஊர் மோதுகிற கோப்பை. எங்கள் ஸ்டார் கிளப் ஃபைனலுக்கு வந்து பத்தொன்பது வருஷம் ஆகிறது. கோப்பையைத் தூக்கினதே இல்லை, பக்கத்து ஊர்க்காரன் தூக்கும்போது கை தட்டியிருக்கிறோம், அவ்வளவுதான். எங்கள் வீட்டுக்காரர் ரூபஸ்தான் கோலி. ஆமாம், கோல் போஸ்ட்டில் நிற்கிறவர். அப்படிப்பட்ட நாளில் நான் எதற்கு இந்தப் பஸ்ஸில் உட்கார்ந்திருக்கிறேன் என்று கேளுங்கள்.

நான் பார்த்தால் டீம் தோற்குமாம்.

சிரிக்காதீர்கள் அக்கா. சரி, சிரித்துக்கொள்ளுங்கள், எனக்கே சிரிப்பு வருகிறது. நானா? நான் கான்வென்டில் படித்தவள், நாகர்கோவிலில் பன்னிரண்டு வருஷம் சிஸ்டர்களிடம். பூனை குறுக்கே போனால் பூனைக்கு வழிவிடு என்று சொல்லிக் கொடுத்தவர்கள் அவர்கள். எனக்கு இந்த ராசியிலெல்லாம் நம்பிக்கை கிடையவே கிடையாது. கிடையாது என்றால் கிடையாது. ஆனால் ரூபஸின் கையுறையை மட்டும் நான்தான் துவைக்க வேண்டும், அதுவும் பாப்பா சோப்பில், அதுவும் வெள்ளிக்கிழமை. அது வேறு விஷயம். அது சுத்தம்.

கல்யாணத்துக்கு முன்னால் எனக்கு ஃபுட்பாலே தெரியாது. கான்வென்டில் நாங்கள் விளையாடினது த்ரோபால். அதில் நான் வலைக்கு மேலே போட்டதைவிட சிஸ்டர் மேலே போட்டதுதான் அதிகம். எது வலது, எது இடது என்று மறந்துவிடக்கூடாது என்று என் வலது கையில் ஒரு சிவப்பு நூல் கட்டிவிட்டிருந்தார்கள். இரண்டு வருஷம் முன்னால் கல்யாணமாகிக் கடற்கரைக்கு வந்தேன். வந்த முதல் வாரம் முழுக்க எனக்குத் தூக்கமில்லை. அலைச் சத்தத்தைக் கேட்டால் யாரோ கதவைத் தட்டுகிற மாதிரியே இருக்கும். எல்லாவற்றுக்கும் பயம். கடலுக்குப் பயம், நண்டுக்குப் பயம், மாமியாருக்குப் பயம்.

அந்த மாமிதான் என்னைக் கையைப் பிடித்து மைதானத்துக்கு இழுத்துக்கொண்டு போனவர். வீட்டில் தலையில் முக்காடு போட்டுக்கொண்டு ஜெபமாலை உருட்டுகிற மனுஷி. அங்கே போய் உட்கார்ந்த பத்தாவது நிமிஷம் எழுந்து நின்று, "லேய் ரெஃப்ரீ! கண்ணுல மீன் செதிலா ஒட்டியிருக்கு? போய்க் கழுவிட்டு வாலே!" என்றார் பாருங்கள். எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது. இப்படியும் கத்தலாமா? யாரும் திட்ட மாட்டார்களா? கான்வென்டில் பாட்டுக் குழுவில் என்னைக் கடைசி வரிசையில் நிறுத்தி, "டெல்மா, நீ வாயை மட்டும் அசை" என்று சொல்லிவிட்டார்கள் அக்கா. பன்னிரண்டு வருஷம் வாயை மட்டும் அசைத்தேன். அன்றைக்கு முதல் முதலாக, எங்கள் ஆள் ஒரு கோல் போட்டபோது, கத்தினேன். எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்த ஒருவர் கையிலிருந்த கடலைப் பொட்டலத்தைக் கீழே போட்டுவிட்டார்.

அன்றைக்குப் பிடித்த கிறுக்குதான். ஆஃப்சைடு விளங்க எனக்கு ஒரு வருஷம் ஆனது. இப்போது நான் மாமிக்கு விளக்குகிறேன்.

பாப்பா பிறந்த பிறகு நான் நிற்கிற இடம் மாறியது. சுவர் ஓரம் நின்றால் பந்து பறந்து வருகிறது, பயம். பெஞ்சில் உட்கார்ந்தால் கூட்டம் எழும்பிக் குதிக்கிறது, பயம். யோசித்துப் பார்த்தேன். மைதானத்திலேயே பந்து வரவே முடியாத இடம் எது? கோல் போஸ்ட்டுக்குப் பின்னால்! வலை இருக்கிறதே! சரி, ரூபஸ் பிடித்தால் பந்து அவர் கையில், விட்டால் வலையில். எப்படிப் பார்த்தாலும் பாப்பாவுக்கு ஆபத்து இல்லை. இடைவேளைக்குப் பிறகு அவர் அந்தப் பக்கம் மாறினால் நானும் பாப்பாவைத் தூக்கிக்கொண்டு மைதானத்தைச் சுற்றி ஓடி அந்தப் பக்கம் போய்விடுவேன்.

அங்கே நின்றால் வேறொரு சௌகரியமும் இருக்கிறது. ரூபஸ் வள்ளத்தில் போகிறவர் அக்கா, வாரத்தில் நாலு நாள் கடலில். அந்த நாலு நாளும் அவர் எங்கே இருக்கிறார், எந்தத் திசையில் இருக்கிறார், எனக்குத் தெரியாது. மேட்ச் நடக்கிற அந்த ஒரு மணி நேரம் மட்டும் தெரியும். இரண்டு கம்பத்துக்கு நடுவில், வெள்ளைக் கோட்டுக்கு மேலே, என் கைக்கு எட்டுகிற தூரத்தில்.

சரி, அதை விடுங்கள். தக்கலை வந்துவிட்டதா? இன்னும் இல்லையா?

என்ன சொல்லிக்கொண்டிருந்தேன்? ஆங். அங்கே நின்றால் நமக்கு மொத்த ஆட்டமும் தெரியும். கோலிக்குத் தெரியாது பாருங்கள், அவர் முன்னால் பத்துப் பேர் மறைத்துக்கொண்டு நிற்பார்கள். பின்னால் நிற்கிறவள்தானே சொல்ல வேண்டும்? சொல்வேன். "ரூபஸ்! லெஃப்டு!" "ரூபஸ்! ரைட்டுல ஒருத்தன் வர்றான்!" ஒவ்வொரு தடவையும் அவர் திரும்பிப் பார்ப்பார். அந்தக் கூட்டத்திலும், அந்தச் சத்தத்திலும், பந்து வந்துகொண்டிருக்கும்போதும் திரும்பி என்னைப் பார்ப்பார் அக்கா! எந்தப் புருஷன் பார்ப்பான், சொல்லுங்கள்?

இல்லையே, இப்போது எனக்கு இடது வலது குழப்பமே கிடையாது. பாப்பாவை இடது இடுப்பில் வைத்திருப்பேன். பாப்பா இருக்கிற பக்கம் இடது. சுலபம். கை வலித்து இடுப்பு மாற்றினால்தான் ஒரு நிமிஷம், இரண்டு நிமிஷம், கொஞ்சம் முன்னே பின்னே ஆகும்.

இந்த வருஷம் முதல் மூன்று மேட்ச்சும் தோற்றோம். இரண்டு ஒன்று. மூன்று ஒன்று. நாலு சைபர். கொஞ்சம் துரதிர்ஷ்டம், கொஞ்சம் ரெஃப்ரீ. நாலாவது மேட்ச் அன்று பாப்பாவுக்குத் தடுப்பூசி போட்டுக் காய்ச்சல். நான் வீட்டில். ஐந்து சைபர் என்று ஜெயித்துவிட்டார்கள். ஐந்தாவது மேட்ச்சுக்குப் போனேன். முதல் பாதியில் இரண்டு கோல் வாங்கிவிட்டோம். பாப்பா பாலுக்கு அழ ஆரம்பித்தாள், நான் பால் கொடுக்கக் கோயில் பக்கம் போய்விட்டேன். திரும்பி வருவதற்குள் இரண்டுக்கு இரண்டு!

அன்றைக்குச் சாயங்காலமே தியோனிஸ் அண்ணன் வீட்டுக்கு வந்துவிட்டார். வாசலில் நின்று தொண்டையைக் கனைக்கிறார், உள்ளே வரமாட்டேன் என்கிறார்.

"டெல்மா பிள்ளே, ஒண்ணு சொன்னா கோவப்படப்பிடாது."

"சொல்லுங்கண்ணா."

"நீ நல்ல பிள்ளைதான். மனசு தங்கம். ஆனா நீ நிக்கித மேட்ச் எல்லாம் மண்ணாப் போவுது பாத்தியா?"

எனக்கு வந்த கோபத்துக்கு! "அண்ணா, நீங்க படிச்சவங்கதானே? இது மூடநம்பிக்கை" என்றேன்.

"மூடநம்பிக்கைதான் மக்களே. ஆனா பாயின்ட் டேபிள்ல நாம எட்டாவது இடம்."

மாமி உள்ளேயிருந்து, "லேய் தியோனிசே, என் மருமவள ராசியில்லாதவன்னு சொன்ன, நாக்க அறுத்து சூண்டையில இரையா மாட்டிக் கடல்ல போடுவேன்" என்றார். எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. அடுத்த நிமிஷம் மாமி என்னிடம் வந்து, "அடுத்த ஞாயிறு வீட்டுல இரி மக்கா, சும்மா பாப்போம்" என்றார்.

சும்மா பார்த்தார்கள். நாலு மேட்ச், நாலும் ஜெயம்.

நான் ரூபஸிடமே கேட்டேன். நேராகக் கேட்டேன். "என்னாலதான் தோக்குதா? உண்மையச் சொல்லுங்க." அவர் பேசுகிற ஆள் கிடையாது, நாலு வார்த்தை சேர்ந்து வந்தால் அன்றைக்கு மழை. வலையைத் தைத்துக்கொண்டே இருந்தார். அப்புறம், "நீ வந்தா எனக்குச் சந்தோஷந்தான். வா. கூப்பிடாம மட்டும் இருந்தா போதும்" என்றார். பாவம், வெட்கம் அக்கா. ஊருக்கு முன்னால் பெண்டாட்டி பெயர் சொல்லிக் கூப்பிட்டால் ஆண்பிள்ளைக்குக் கூச்சமாக இருக்காதா?

செமி ஃபைனல் அன்று வீட்டில்தான் இருந்தேன். சத்தியமாக. மைதானத்து மைக் சத்தம் எங்கள் வீடு வரைக்கும் கேட்கும். இரண்டு சைபர் நாம் முன்னிலை என்றதும் என்னால் முடியவில்லை. துணி காயப்போட மொட்டைமாடிக்கு ஏறினேன். காயப்போடத் துணி எதுவும் இல்லைதான். அங்கிருந்து பார்த்தால் தென்னைக்கு நடுவில் கோல் போஸ்ட் தெரியும். அவர் நிற்கிறார், சின்னதாக. லேசாக, ஒரே ஒரு தடவை, "ரூபஸ்!" என்றேன். அங்கே போய்க் கேட்டிருக்கவே கேட்காது, முந்நூறு அடி தூரம். தற்செயலாக அவர் அண்ணாந்து மாடியைப் பார்த்தார். தற்செயலாக அப்போது ஒரு கோல் விழுந்தது. கையைக் காட்டினேன். இன்னொன்று விழுந்தது. கீழே இறங்கி ஓடிவிட்டேன். கடைசி நிமிஷத்தில் நாம் போட்டு மூன்றுக்கு இரண்டு.

அவ்வளவுதான். வீடும் மைதானத்துக்குப் பக்கம், ஊரும் பக்கம், என்னை இன்னும் தூரமாக அனுப்ப வேண்டும் என்று ஆகிவிட்டது.

எனக்கு மனசு கேட்கவில்லை. நிஜமாகவே என்னால்தானோ? வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போய் ஃபாதரிடம் பாவசங்கீர்த்தனம் செய்தேன். அதாவது நம் பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்பது. ஃபாதர்தான் கிளப்புக்கும் தலைவர். "ஃபாதர், என் ராசியாலே ஊர் தோக்குதுன்னு எனக்கே தோணுது" என்றேன்.

"மகளே, ராசி, சகுனம் இதெல்லாம் நம்பறது பெரிய பாவம்" என்றார். எனக்கு மனசிலிருந்து ஒரு மூட்டை இறங்கின மாதிரி இருந்தது. அப்புறம் மெதுவாக, "ஞாயித்துக்கெழமை நாலு மணிக்கு நீ எங்க இருப்ப?" என்றார்.

"கோல் போஸ்ட்டுக்குப் பின்னாலதான் ஃபாதர்! நீங்கதான் பாவம்னு சொல்லிட்டீங்களே!"

பெரிய பெருமூச்சு ஒன்று கேட்டது. "பாவத்துக்குப் பரிகாரம் செய்யணும் இல்லியா? குலசேகரம் தாண்டி மலையடி மாதா குருசடின்னு ஒரு சின்னக் கோயில் இருக்கு. அங்க போய் ஐம்பத்து மூணு மணி ஜெபமாலை சொல்லு."

"எப்போ ஃபாதர்?"

"ஞாயித்துக்கெழமை. மூணே முக்கால் பஸ்ஸு."

ஆமாம் அக்கா, ரொம்பக் கண்டிப்பானவர். ராசியை நம்பினால் விடவே மாட்டார்.

ஆனால் ஒன்று ஆச்சரியம். ஃபாதர் ஒரு வார்த்தை வெளியே விட்டிருக்க மாட்டார். அப்படியிருந்தும் நான் கோயில் வாசலைத் தாண்டுவதற்குள் ஊருக்கே தெரிந்திருந்தது. எனக்குப் பின்னால் வரிசையில் தியோனிஸ் அண்ணன் உட்பட ஒரு பன்னிரண்டு பேர் நின்றார்கள்தான். நான் மெதுவாகத்தான் பேசினேன்.

மணி என்ன? நாலரையா? அப்போது முதல் பாதி முடிந்திருக்கும். இல்லை, என் போனை அணைத்து வைத்திருக்கிறேன். மாதா மேல் சத்தியம் செய்து கொடுத்திருக்கிறேன், தியோனிஸ் அண்ணன் கேட்டு வாங்கிக்கொண்டார். நான் போன் பண்ண மாட்டேன், யார் பண்ணினாலும் எடுக்க மாட்டேன்.

உங்கள் போனில் பைசா இருக்கிறதா அக்கா?

நீங்கள் பேசினால் அது நான் பேசின மாதிரி ஆகாதே. நான் எதுவும் கேட்கப் போவதில்லை, உங்கள் முகத்தைப் பார்ப்பேன், அவ்வளவுதான். மாமி நம்பர் சொல்கிறேன். யார் என்று கேட்டால் ராங் நம்பர் என்று சொல்லிவிடுங்கள். ஆனால் ஸ்கோரைக் கேட்டுவிட்டு ராங் நம்பர் என்று சொல்லுங்கள்.

கேட்டீர்களா? நாம் ஒன்று, அவர்கள் சைபரா? பனவிளைக்காரன் சைபரா! மாதாவே! பார் ஜெனோவா, அப்பா ஒரு கோல்கூட விடவில்லை! கண்டக்டர் அண்ணா, ஒன்று சைபர்! எதுக்கா? சும்மா சொன்னேன்!

சந்தோஷமாகத்தான் இருக்கிறது அக்கா. ஏன், முகத்தில் தெரியவில்லையா?

என்னவென்றால். உங்களிடம் சொல்வதற்கென்ன, நீங்கள் குலசேகரத்தில் இறங்கிப் போய்விடுவீர்கள். இன்றைக்கு ஜெயித்தால், இனி ஆயுசுக்கும் நான் மைதானத்தை மிதிக்க முடியாது. தியோனிஸ் அண்ணன் இப்போதே சொல்லிவிட்டார், "அடுத்த வருஷம் மேட்ச் இருக்கித அன்னைக்கெல்லாம் உனக்கு ஒவ்வொரு கோயிலாப் பாத்துட்டு வரலாம் பிள்ளே" என்று. நான் இல்லாமல்தான் கோப்பை வந்தது என்று கல்லில் வெட்டாத குறையாக எழுதி வைத்துவிடுவார்கள். ரூபஸ் கடலில் இருக்கிறபோதும் எனக்குத் தெரியாது. கரையில் இருக்கிறபோதும் தெரியாது. எனக்கென்று இருந்தது அந்த வலைக்குப் பின்னால் நாலு அடி மண்.

அதற்காகத் தோற்க வேண்டும் என்றா வேண்டுவேன்? சேச்சே. பத்தொன்பது வருஷம்! மாமி காணிக்கை நேர்ந்திருக்கிறார். ரூபஸ் மூன்று நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. ஜெயிக்க வேண்டும் என்றுதான் ஜெபம் சொல்ல ஆரம்பித்தேன். இரண்டாவது மணியில் எங்கே விட்டேன் என்று மறந்துவிடுகிறது. மறுபடி முதலிலிருந்து. மறுபடி மறந்துவிடுகிறது. மாதாவுக்கே குழப்பமாகியிருக்கும், இவள் என்னதான் கேட்கிறாள் என்று.

பாப்பாவைக் கொஞ்சம் பிடிக்கிறீர்களா? ஜெபமாலையைச் சிக்கெடுக்க வேண்டும்.

மணி ஐந்து இருபதா? அப்போது முடிந்திருக்குமே! பண்ணுங்கள் அக்கா, இன்னொரு தடவை பண்ணுங்கள். அதே ராங் நம்பர்தான் என்று சொல்லுங்கள். நான் கண்ணை மூடிக்கொள்கிறேன். இல்லை, மூடினால் உங்கள் முகம் தெரியாது.

எடுத்துவிட்டாரா? அழுகிறாரா? எப்படி அழுகிறார், சந்தோஷத்திலா, இல்லை...

இரண்டு ஒன்றா? யாருக்கு இரண்டு?

அக்கா.

தோற்றுவிட்டோமா?

தோற்றுவிட்டோம்! அக்கா, தோத்துட்டோம்! நான் இல்லாமலே தோத்துட்டோம்! கண்டக்டர் அண்ணா, நாங்க தோத்துட்டோம்! இதோ பாருங்கள், நான் இங்கே இருக்கிறேன், பஸ்ஸில், ஒரு மூச்சுவிடவில்லை, போனைத் தொடவில்லை, தோத்துட்டோம்!

ஐயையோ, என்ன பேசுகிறேன் நான். பாவம். பத்தொன்பது வருஷம். பாவம் ரூபஸ். பாவம் மாமி. இன்னும் பேசிக்கொண்டிருக்கிறாரா? விடாதீர்கள், எப்படி விழுந்தது என்று கேளுங்கள், ராங் நம்பர் என்றாலும் மாமி சொல்வார், ஃபுட்பால் என்றால் எமனிடமும் பேசுவார்.

என்ன? இரண்டு கோலும் விழுகிற நேரத்தில் ரூபஸ் பின்னால் திரும்பினாரா? பின்னால் யார் இருக்கிறார்கள்? யாருமே இல்லையே, வெறும் மண்தானே, நான் நிற்கிற...

அக்கா! என்னைத் தேடியிருக்கிறார் அக்கா! இந்தப் பொண்டாட்டி ஏன் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை, லெஃப்டா ரைட்டா என்று பார்த்திருக்கிறார்! நான் இல்லாததால்தான் தோற்றது! நான் நின்றிருந்தால் அந்த இரண்டும் விழுந்திருக்குமா? ஊரே தலைகீழாகப் புரிந்துகொண்டு என்னைக் கொண்டுபோய்ப் பஸ்ஸில் ஏற்றியிருக்கிறது!

என்னது? நான் இல்லாமல் ஜெயித்த மேட்ச்சுகளா? அதெல்லாம் சின்ன டீம் அக்கா.

அண்ணா, விசில் அடியுங்கள், அடுத்த ஸ்டாப்பில் நான் இறங்குகிறேன். திரும்பிப் போகிற பஸ் எதிரிலேயே நிற்குமா? ஜெபமாலையைப் போகிற வழியில் சொல்லிக்கொள்கிறேன், ஐம்பத்து மூன்றும் சொல்வேன், மாதாவுக்கு எல்லா ஊரும் ஒன்றுதான். ரூபஸ் இன்னும் மைதானத்தில்தான் இருப்பார். தோற்றால் இருட்டின பிறகும் போஸ்ட்டில் சாய்ந்து உட்கார்ந்திருப்பார். நான் போய்ப் பக்கத்தில் உட்கார வேண்டும். அழ வேண்டும். தியோனிஸ் அண்ணன் முன்னாலும் நன்றாக அழ வேண்டும், ஐந்து நிமிஷமாவது, அதற்கப்புறம்தான் அடுத்த வருஷத்தைப் பற்றிப் பேச வேண்டும்.

பாப்பாவைத் தாருங்கள். பை? இதோ இருக்கிறது.

என் முகத்தைப் பாருங்கள் அக்கா. துக்கமாக இருக்கிறதா? இல்லையா? கொஞ்சம் இருங்கள், உதட்டைக் கடித்துக்கொள்கிறேன். இப்போது? சிரிக்கிறேனா? எங்கே சிரிக்கிறேன், இது அழுகிறதுக்கு முன்னால் வருகிற முகம்தான். சரி, தலையைக் குனிந்துகொண்டு இறங்குகிறேன், கடற்கரை போகிறதுக்குள் சரியாகிவிடும்.

அது போகட்டும், இவளைப் பாருங்கள். என்னைப் பார்த்துப் பார்த்து இவளும் பொக்கை வாயெல்லாம் சிரிக்கிறாள். இவளை என்ன செய்து ஊருக்குள் கொண்டுபோவது?